சொல்லி நிரப்பிய பன்னிரண்டு வருடம்

மேகலா என்கிற பெயரைத் தரணிதரன் முதன்முதலில் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது. சொன்னான் என்பதைவிடக் கேட்டான் என்பதுதான் சரி.

“சிந்து, மேகலான்னு நமக்கு யாரையாச்சும் தெரியுமா?”

சிந்துஜா அடுப்பிலிருந்து திரும்பாமலே தெரியாது என்றாள். அவன் உரித்துக்கொண்டே மேலே பேசினான். ரெண்டு மூணு நாளாக ஒரு வீடு ஞாபகத்துக்கு வருகிறதாம். வால்பாறையாக இருக்கலாம், ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவு தெரிகிறது. தகரக் கூரைமேல் மழை கொட்டுகிறது. ஒரு பெண் அவன் தலையைத் துவட்டிவிடுகிறாள். அவளை அவன் மேகலா என்று கூப்பிடுகிறான். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லும்போது அவன் குரல் இறங்கிவிட்டது.

“நான் அந்த மாதிரி ஆளா? நீதான் சொல்லணும்.”

போன வாரம் தனக்குப் பாகற்காய் பிடிக்குமா என்று கேட்டபோது என்ன முகமாக இருந்தானோ அதே முகத்தோடு கேட்டான். சிந்துஜாவுக்கு எதில் திடுக்கிடுவது என்று புரியவில்லை. ஒரு கணவன் தன் மனைவியிடம், நான் உனக்குத் துரோகம் செய்திருக்கிறேனா என்று விவரம் கேட்கிறான். ஏதாவது மிஷின் தப்பாக இருக்கும், சிகிச்சை கொடுத்த மையத்தில் கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அடுப்பைத் தணித்தாள்.

அவன் அவளிடம் கேட்டதற்குக் காரணம் இருந்தது. பதினான்கு மாதத்துக்கு முன்னால் தரணிதரனுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. பதினோரு நாள் நினைவில்லாமல் கிடந்தான். கண் விழித்தபோது அவனுக்குப் பேச்சு வந்தது, எழுத்து வந்தது. பம்பு மோட்டாரைக் கழற்றி மாட்டும் வேலைகூட விரல்களில் அப்படியே இருந்தது. பக்கத்தில் நின்ற சிந்துஜாவை மட்டும் “சிஸ்டர், தண்ணி” என்றான். பன்னிரண்டு வருடக் கல்யாண வாழ்க்கை ஏறக்குறைய முழுவதும் அழிந்து போயிருந்தது.

அவினாசி ரோட்டில் ஒரு நினைவு மீட்பு மையம் இருந்தது. மூளையில் மிஞ்சியிருக்கும் நினைவுகளைத் தேடிக் கண்டுபிடித்து, நடுவில் கிடக்கும் பள்ளங்களை நிரப்புவது அவர்கள் வேலை. நிரப்புவதற்கான சரக்கை நெருங்கியவர்கள்தான் தர வேண்டும். படங்கள், பழைய செய்திகள், எல்லாவற்றுக்கும் மேலாகக் கதைகள். நோயாளி தூங்கும்போது தலையில் மாட்டிய வலை வழியாக அவை உள்ளே இறங்கும். காலையில் எழுந்தால் தனக்கே நடந்ததாக ஞாபகம் இருக்கும்.

நூல் மில்லில் தரப் பரிசோதனை செய்யும் சிந்துஜா, ஒரு மாதம் விடுப்பு எடுத்துக்கொண்டு, மையத்தின் சின்ன அறையில் ஒரு மைக் முன்னால் உட்கார்ந்து நாற்பது மணி நேரம் பேசினாள். பெண் பார்க்க வந்தது, முதல் வாடகை வீடு, கரு கலைந்தது, ஸ்கூட்டரில் பழனிக்குப் போனது. சண்டைகளில் பாதியை விட்டுவிட்டாள். யாராக இருந்தாலும் விட்டுத்தான் இருப்பார்கள். ஒரு இடத்தில் மட்டும் வேண்டுமென்றே மாற்றிச் சொன்னாள். அவள் அப்பா இறந்தபோது தரணி வால்பாறையில் ஏதோ எஸ்டேட்டில் பம்பு பூட்டப் போயிருந்தான். போன் எடுக்கவில்லை. மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தான். அதை அவளால் மன்னிக்கவே முடிந்ததில்லை. மைக் முன்னால் உட்கார்ந்திருந்தபோது, அவன் மின்மயானத்தில் தன் பக்கத்திலேயே நின்றதாகவும், தடுமாறி விழப்போனவளைத் தாங்கிப் பிடித்ததாகவும் சொல்லிவிட்டாள். இப்போது அவன் மாமனாரைப் பற்றிப் பேசினால் அந்த மயானத்தைச் சொல்லிக் கண் கலங்குவான். அதைப் பார்க்கும்போது அவளுக்குக் குற்ற உணர்வும் வரும், ஆறுதலும் வரும்.

காய்ச்சலுக்குப் பிறகு வந்த தரணி நல்ல கணவனாக இருந்தான் என்பதையும் சொல்ல வேண்டும். முன்பு இருந்தவனைவிட நல்லவன். வாரத்தில் மூன்று நாள் ஊர் சுற்றுகிற வேலையை விட்டுவிட்டுச் சூலூரில் ஒரு பம்புப் பட்டறையில் சேர்ந்தான். மாலை ஆறுக்கு வீட்டில் இருந்தான். அவள் சொல்வதையெல்லாம் கவனித்துக் கேட்டான்.

திங்கட்கிழமை மதியம் சிந்துஜா மையத்துக்குப் போனாள். தரணியின் சிகிச்சையைப் பார்த்துக்கொண்ட ஷெரின் என்ற பெண், திரையில் அவன் நினைவுகளின் வரைபடத்தைத் திறந்தாள். எங்கும் மஞ்சள் புள்ளிகள், நடுநடுவே கொஞ்சம் நீலம்.

“மிஷின் தப்பு பண்ணுமா?” என்று சிந்துஜா கேட்டாள்.

“பண்ணும் மேடம். ஒரு கதையில வர்ற ஆள் இன்னொரு கதையில போய் ஒட்டிக்கும். ஆனா அதெல்லாம் மஞ்சள்லதான் நடக்கும். மஞ்சள்னா நாம வச்சது.” ஷெரின் திரையின் ஒரு மூலையைப் பெரிதாக்கினாள். “நீங்க சொல்ற வீடு, மழை, அந்தப் பொண்ணு எல்லாம் இங்க இருக்கு. இது நீலம்.”

“நீலம்னா?”

“காய்ச்சல்ல அழியாம மிஞ்சினது. யாரும் வைக்கல, அவரோடதேதான். இத்தனை நாள் அடியில கிடந்து இப்ப மேல வந்திருக்கு.”

சிந்துஜா அந்த நீலப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, தன்னைப் பற்றி எத்தனை நீலம் இருக்கிறது என்று கேட்டாள். ஷெரின் திரையைப் பழைய அளவுக்குச் சுருக்கினாள்.

“இருக்கு மேடம். கம்மி.”

எத்தனை என்று அவள் திரும்பக் கேட்கவில்லை.

ஷெரின் தானாகவே ஒரு வழி சொன்னாள். அந்த நீலத்தின் மேல் வேறொன்றை வைத்து மூடிவிடலாம். சிகிச்சை முடிந்து மூன்று வருடம் வரை மூளை இளக்கமாகவே இருக்கும், நம்பிக்கையான ஒருவர் எதைச் சொன்னாலும் அது ஞாபகமாகப் படிந்துவிடும். அதனால்தான் அதுவரை மனைவியின் கையெழுத்தே போதும் என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு தூக்கம், எழுந்தால் மேகலா இருக்கமாட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்று சிந்துஜா கிளம்பினாள். வெளியே வந்தவள் எந்தப் பக்கம் பஸ் நிறுத்தம் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள். ஒரு வருடமாக வந்துபோகும் சாலை அது.

மூடுவதற்கு முன்னால் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. தரணியின் பழைய கம்பெனியில் விசாரித்தபோது, வால்பாறையில் அவன் அடிக்கடி போன எஸ்டேட்டின் பெயர் கிடைத்தது. புதன்கிழமை காலை பொள்ளாச்சியிலிருந்து ஓட்டுநர் இல்லாத பேருந்தில் ஏறினாள். நாற்பது வளைவுகளிலும் ஸ்டியரிங் தானாகத் திரும்புவதைப் பார்த்துக்கொண்டே போனாள். அங்கே போய் என்ன பேசுவது என்று எவ்வளவோ தயார் செய்தும் ஒரு வாக்கியம்கூட முழுதாக அமையவில்லை.

மேகலா தேயிலைத் தொழிற்சாலையில் இலை காய வைக்கும் பிரிவில் மேற்பார்வையாளர். முப்பத்தைந்து வயது இருக்கும். வீட்டு வாசலில் நின்ற சிந்துஜாவைப் பார்த்ததும், “நீங்க சிந்துஜா” என்றாள். உள்ளே கூட்டிப் போய் நாற்காலியை இழுத்துப் போட்டாள். வீட்டுக்குத் தகரக் கூரை.

பதினான்கு மாதமாகத் தரணியிடமிருந்து ஒரு தகவலும் இல்லாமல், அவன் தன்னை ஏமாற்றிவிட்டுப் போனான் என்றுதான் மேகலா நினைத்திருந்தாள். காய்ச்சல் வந்தது அவளுக்குத் தெரியாது. சிந்துஜா விவரத்தைச் சொன்னதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். திட்ட வந்த சிந்துஜா எழுந்து போய் அவளுக்குத் தண்ணீர் மொண்டு கொடுக்க வேண்டியிருந்தது. எதற்காக இதைச் செய்கிறோம் என்று தம்ளரை நீட்டும்போதே தோன்றியது.

மேகலா எதையும் மறைக்கவில்லை. மூன்று வருடப் பழக்கம். கல்யாணமானவன் என்று தெரிந்துதான் பழகினாள். சிந்துஜா தன் அப்பா இறந்த தேதியைச் சொல்லிக் கேட்டபோது, சற்று யோசித்துவிட்டு, ஆமாம், அன்றைக்கு இங்கேதான் இருந்தார், போனை அணைத்து வைத்திருந்தார் என்றாள். விஷயம் தெரிந்ததும் அந்தச் சுவரில் தலையை முட்டிக்கொண்டார் என்றும் சொன்னாள். இரண்டாவதாகச் சொன்னதைக் கேட்டு என்ன செய்வதென்று சிந்துஜாவுக்குத் தெரியவில்லை.

“கடைசியா எப்ப வந்தாரு?”

“போன வருஷம் மே மாசக் கடைசியில. வீட்டுக்குப் போயி எல்லாத்தையும் சொல்லிர்றேன்னாரு. சொல்லிட்டு என்ன பண்ணப் போறீங்கன்னு கேட்டேன். அதுக்குள்ள பஸ் வந்துருச்சு.”

“என்ன பண்ணப் போறேன்னு சொல்லவே இல்லையா?”

“இல்லக்கா. உங்களை விட்டுட்டு வர்றதா, என்னை விட்டுட்டு இருக்கறதா, ஒண்ணுமே சொல்லல. நானும் இத்தனை நாளா அதைத்தான் யோசிச்சிட்டு இருக்கேன்.”

மே கடைசிக்கும் காய்ச்சலுக்கும் நடுவில் ஆறு நாள் அவன் கோவையில் வீட்டில் இருந்திருக்கிறான். திரும்பி இறங்கும் பேருந்தில் சிந்துஜா அந்த ஆறு நாட்களையும் ஒவ்வொன்றாக யோசித்தாள். மொட்டை மாடித் தொட்டியைக் கழுவினான். அவளை மில்லில் கொண்டுபோய் விட்டான். ஒருமுறை, உன்கிட்ட ஒண்ணு பேசணும் என்று ஆரம்பித்தான். அவளுக்கு அப்போது போன் வந்தது. பிறகு அவள் மறந்துவிட்டாள். ஒரு மனிதன் எடுத்த முடிவு அவன் தலைக்குள்ளேயே எரிந்து போயிருக்கிறது. உலகத்தில் வேறு எங்கும் அதற்குப் பிரதி கிடையாது.

அன்று மாலையே தரணியிடம் சொன்னாள்.

“மேகலா நிஜம்.”

வால்பாறையில் கேட்டதையெல்லாம் சொன்னாள், அந்தக் கடைசிப் பயணத்தையும், சொல்லாமல் போன முடிவையும். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிட வேண்டும், தள்ளிப்போட்டால் தைரியம் போய்விடும் என்று அவளுக்குத் தோன்றியது.

“மயானம் நிஜமில்ல. எங்கப்பா செத்தப்ப நீங்க வரல. நான்தான் நீங்க வந்ததா மைக்ல சொன்னேன்.”

தரணி தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தான். தாங்கிப் பிடித்த கைகள். “உன் முதுகு வேர்த்து நனைஞ்சிருந்தது” என்றான் மெதுவாக. “அதுகூட ஞாபகம் இருக்கே. அப்ப எதுதான் என்னோடது?”

பிறகு அவன் மன்னிப்புக் கேட்டான். திரும்பத் திரும்பக் கேட்டான். சிந்துஜாவுக்கு அதைக் கேட்கச் சகிக்கவில்லை. அவனுக்குத் தகரக் கூரை ஞாபகம் இருந்தது, மழை ஞாபகம் இருந்தது. அவளிடம் பொய் சொன்ன ஒரு நாள்கூட ஞாபகத்தில் இல்லை. அண்ணன் செய்த தவறுக்குத் தம்பி வந்து வருத்தம் தெரிவிப்பதுபோல் இருந்தது அவன் அழுகை. அடிக்கக் கை ஓங்கினால் அடி இவன்மேல் விழும். இவன் அதைச் செய்தவனும்தான், செய்யாதவனும்தான். அவளுக்கு அழுகை வரவில்லை. சாப்பிட்டாள், மில்லுக்குப் போனாள், நூல் இழுவிசையைக் குறித்தாள். யாரோ இறந்த செய்தி கேட்டுப் புறப்பட்டுப் போய், வீடு தெரியாமல் தெருவிலேயே நிற்பதுபோல் இருந்தது.

தரணியின் அண்ணன் சிவசாமி உடுமலையிலிருந்து போன் செய்தார். விஷயம் எப்படியோ அவர் வரை போயிருந்தது. “ஒரு கையெழுத்துதானே அம்மிணி, போட்டு மூடீரு. அப்படியே அந்த ஆறு நாளையும் சேர்த்து, உன்கூடயே இருக்கறதா முடிவு பண்ணுனான்னு சொல்லி வச்சுரு. ஆருக்கென்ன நட்டம்?” என்றார். அவர் சொன்னதில் தவறு எங்கே இருக்கிறது என்று அவளால் எடுத்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். இந்த மனிதனுக்குத் தன்மேல் இருக்கும் பிரியம் மொத்தமும் தான் நாற்பது மணி நேரம் பேசிப் பேசி உள்ளே வைத்தது. இதற்குமேல் ஒரு சொல் வைத்தாலும், பிறகு தன்னோடு குடித்தனம் நடத்துவது தன் குரல்தான் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

தனியாக இருந்து பார்க்கிறேன் என்று சொன்னது தரணிதான். யாரும் எதையும் சொல்லாத இடத்தில் கொஞ்ச நாள் இருந்தால், தனக்கு என்ன வேண்டும் என்று தெரியலாம் என்றான். சூலூரில் பட்டறைக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்துக்கொண்டு போனான். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் திருச்சி ரோட்டில் ஒரு பேக்கரியில் சந்திப்பது, காய்ச்சலுக்கு முன்னால் நடந்த எதையும் பேசக் கூடாது என்று இரண்டு பேரும் ஒப்புக்கொண்டார்கள்.

அப்படி எட்டு சனிக்கிழமை சந்தித்தார்கள். அந்த வாரத்து விஷயங்கள் மட்டும். பட்டறை முதலாளி வாங்கிய புது லேத் மிஷின், மில்லில் வந்த ஈரப் பஞ்சு, சிந்துஜாவின் பல்வலி. அவள் வெள்ளிக்கிழமையே என்ன புடவை கட்டலாம் என்று யோசிப்பதும், யோசித்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல்படுவதும் நடந்தது. மில்லில் ஒருத்தி, வீட்டுக்காரர் கூட இல்லையா என்று கேட்டபோது, வெளியூரில் இருக்கிறார் என்று சொன்னாள். பாதி உண்மை என்று நினைத்துக்கொண்டாள். எந்தப் பாதி என்று தெரியவில்லை.

ஒன்பதாவது சனிக்கிழமை அவன் வரவில்லை. பட்டறையில் ஒரு பெரிய மோட்டார் சோதனையின்போது எரிந்துவிட்டது, வர முடியாது என்று செய்தி அனுப்பியிருந்தான். திங்கட்கிழமை மதியம் மேகலா போன் செய்தாள்.

“அக்கா, சனிக்கிழமை அவர் இங்க வந்திருந்தாரு.”

சிந்துஜா மில் சத்தத்திலிருந்து விலகி வெளியே வந்து கேட்டாள். தான் என்ன முடிவு செய்திருந்தான் என்று மேகலாவுக்குத் தெரியுமா என்று கேட்கத்தான் தரணி போயிருக்கிறான். மேகலா, தெரியும், உங்க வீட்டை விட்டுட்டு எங்கிட்டயே வந்துர்றதா சொன்னீங்க என்று சொல்லிவிட்டாள். அவன் அதைக் கேட்டுத் தலையாட்டினானாம். கொஞ்ச நேரம் கழித்து, ஆமா, சொன்னேன் என்றானாம், ஏதோ ஞாபகம் வந்தவன்போல.

“அவர் அப்படிச் சொன்னதும் எனக்குப் பயமாயிருச்சுக்கா. நான் சொன்னது பொய். அவர் பஸ் ஏறிப் போனப்புறம் என்னால இருக்க முடியல. அவர்கிட்டச் சொல்ல வாய் வரல. அதான் உங்ககிட்டச் சொல்றேன்.”

சிந்துஜா அவள்மேல் கோபப்பட்டுப் பார்த்தாள். கோபம் நிலைக்கவில்லை. தான் நாற்பது மணி நேரம் எடுத்துக்கொண்டு செய்ததை மேகலா ஒரே வாக்கியத்தில் செய்திருக்கிறாள். அதோடு இரண்டு நாளுக்குமேல் பொறுக்க முடியாமல் ஒப்புக்கொண்டும்விட்டாள். சரி என்று மட்டும் சொல்லி போனை வைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை தரணி சரியான நேரத்துக்கு வந்தான். இரண்டு டீயும் தேங்காய் பன்னும் சொன்னான். போன வாரம் மோட்டார் என்ன ஆயிற்று என்று சிந்துஜா சாதாரணமாகக் கேட்டாள். அவன் விவரமாகச் சொன்னான். கம்பிச் சுருள் எரிந்தது, புகை வந்தது, முதலாளி எல்லோரையும் வைத்துத் திட்டியது. எங்கேயும் தடுமாறவில்லை. பன்னைப் பிய்த்துக்கொண்டே, அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவள் கடைசிவரை கேட்டாள்.

“வால்பாறையில எரிஞ்சதா அந்த மோட்டாரு?”

தரணி டீ கிளாஸைக் கீழே வைத்தான். சிந்துஜா எழுந்து நின்றாள். எழுந்தது அவளுக்கே தெரியவில்லை.

“பொய் சொல்றே. என் மூஞ்சியைப் பார்த்துட்டே பொய் சொல்றே.” கல்யாணமான நாளிலிருந்து அவனை அவள் நீ என்று அழைத்தது அதுதான் முதல் தடவை. “இதை நான் உனக்குச் சொல்லிக் குடுக்கல. நான் மைக்ல இதைச் சொல்லல. இது நீயே பண்ணினது.”

பேக்கரியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கல்லாவில் இருந்தவர் எழுந்துவிட்டார். அவளால் நிறுத்த முடியவில்லை. மூன்று வருடமாக அவன் போன் எடுக்காத நாட்கள், அப்பாவைத் தனியாக எரித்துவிட்டு வந்த மத்தியானம், வால்பாறையில் தண்ணீர் மொண்டு கொடுத்த தன் கை, எல்லாமே வெளியே வந்தன. முன்பு நடந்ததைப் பேசக் கூடாது என்ற ஒப்பந்தம் அவள் நினைவிலேயே இல்லை. சொல்லச் சொல்ல அழுகையும் சேர்ந்துகொண்டது. புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.

தரணி தலையைக் குனிந்தபடி சொன்னான். “அவங்ககிட்ட வந்துர்றதா நான் முடிவு பண்ணியிருந்தேனாம். அவங்க சொன்னதும் அது ஞாபகமாயிருச்சு. இப்பக் கண்ண மூடினா நான் சொல்றது எனக்கே கேக்குது. அதை உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் மோட்டாரைச் சொன்னேன்.” பிய்த்த பன்னைத் தட்டில் வைத்தான். “அந்த ஞாபகத்தை வச்சுக்கிட்டும் இன்னிக்கு இங்கதான் வந்திருக்கேன். ஏன்னு எனக்கே தெரியல.”

அவ சொன்னது பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளைக்கே அது அவனுக்கு உண்மையாகிவிடும். அது உண்மையும்தான். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. சிந்துஜா ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள்.

“அடுத்த வாரம் வராதே” என்றாள். “அதுக்கடுத்த வாரமும் வேண்டாம். கொஞ்ச நாளைக்கு நான் கோபமா இருக்கணும். அப்புறம் கூப்பிடறேன். கூப்பிடாமயும் போவேன்.”

அவன் சரி என்றான். அவள் பையை எடுத்துக்கொண்டு நேராக நிறுத்தத்துக்கு நடந்தாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். மூன்று மாதத்தில் முதல்முறையாக, தனக்கு யார்மேல் கோபம் என்று தெளிவாகத் தெரிந்தது. மற்றது எதுவும் தெரியவில்லை.